துடைக்கப்படும் ஐந்தாவது அயனி

குவாண்டம் என்ற சொல் காதில் விழுந்ததுமே நம்மாட்கள் 'பார்ப்பவன் இல்லாமல் உலகம் இல்லை' என்று ஆரம்பித்துவிடுவார்கள். நானும் அப்படி எழுதினவன்தான். அந்தப் பேச்சில் சௌகரியமாகக் காணாமல் போவது சூழல்: பார்ப்பவனுக்கும் பார்க்கப்படுவதற்கும் வெளியே கிடக்கும் வெப்பம், ஒளி, தப்பிவந்து மோதும் அணு.

மூடிய அமைப்பு என்பது பாடப்புத்தகப் புனைவு. திறந்த அமைப்புகளுக்கான சமன்பாட்டை 1976இல் ஸ்வீடனின் லிண்ட்பிளாட் தனியாகவும், கொரினி, கொசகோவ்ஸ்கி, சுதர்சன் மூவரும் சேர்ந்தும் எழுதினார்கள். இன்றும் பலர் லிண்ட்பிளாட் பெயரை மட்டுமே சொல்கிறார்கள். கோட்டயத்தில் பிறந்து தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் படித்த சுதர்சன், மேத்யூஸ், ராவ் இருவரோடும் சேர்ந்து 1961லேயே இந்தத் திசையில் எழுதியிருந்தார். (பெயர் விட்டுப்போகிற அரசியல் நமக்கொன்றும் புதிதில்லை.)

எனக்கு முக்கியமாய்ப் படுவது அச்சமன்பாட்டுக்குள் இருக்கும் அனுமானம். சூழலுக்கு ஞாபகம் கிடையாது. அமைப்பிடமிருந்து எதை வாங்கினாலும் தொலைத்துவிடும், திருப்பித் தராது. கணக்கின் முடிவில் சூழலைக் கூட்டித் தள்ளிவிடலாம். பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் 'பின்னணி' என்று ஒதுக்கிய நமது விமர்சனமும் இதைத்தான் செய்தது, கணக்குப் போடாமலே.

இந்த மறதி இயல்பானதுதானா? 2011இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் குழு வெளியிட்ட சோதனையை இங்கே வாசிக்கவேண்டும். பொறியில் பிடித்த ஐந்து கால்சியம் அயனிகளில் நான்கு அமைப்பு, ஒன்று சூழல். அத்தனை பெரிய வெளியுலகத்துக்கும் பிரதிநிதி ஒரே ஒரு அயனி! அது மற்ற நான்கோடும் பிணைந்து அவற்றைப் பற்றிய தகவலை வாங்கிக்கொள்ளும். அப்புறம் லேசர் அடித்து அதைப் பழைய நிலைக்குத் துடைத்துவிடுவார்கள். மறுபடி பிணைப்பு, மறுபடி துடைப்பு. காகிதத்தில் இலவசமாகக் கிடைத்த மறதியை ஆய்வுக்கூடத்தில் சுற்றுக்குச் சுற்று உழைத்து உண்டாக்க வேண்டியிருக்கிறது. இன்னொன்று: இந்த இழப்பினால் நான்கும் சிதறிப்போகவில்லை, ஒன்றோடொன்று பின்னிப்பிணைந்த நிலைக்கு ஓட்டிச்செல்லப்பட்டன. சூழல் என்றாலே சிதைவு என்ற பழைய கதையாடல் இங்கே உடைகிறது.

சரி, அந்த நிலை வந்துவிட்டதென்று எப்படித் தெரியும்? நான்கு குவாண்டம் பிட்டுகளின் நிலையை முழுதாக எழுத 255 எண்கள் வேண்டும். ஒருதரம் அளந்தாலே நிலை குலைந்துபோகும். ஆகவே திரும்பத் திரும்பத் தயாரித்து, வழக்கமான முறையில் 81 வகை ஏற்பாடுகளில் அளக்கவேண்டும். கையில் கிடைப்பது சராசரி, ஒரு தனிச் சம்பவத்தின் சரித்திரம் அல்ல. இதற்கிடையே கணினியும் ஒரு திறந்த அமைப்புதானே? வேண்டுமென்றே உண்டாக்கின இரைச்சலோடு அதன் சொந்த இரைச்சலும் அதே எண்களுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இரண்டையும் பிரித்தெடுப்பதில்தான் பாதி வேலை போகிறது.

ஞாபகமுள்ள சூழல்களும் உண்டு. அங்கே 1976இன் சமன்பாடு அப்படியே செல்லாது. அந்த ஐந்தாவது அயனியைத் துடைக்காமல் விட்டுப் பிணைப்பைத் தொடர்ந்தால், வாங்கினதை அது மற்ற நான்குக்கும் திருப்பிக் கொடுக்க முடியும்.