வெப்லியின் தாழ்

என்ஃபீல்டா, வெப்லியா என்று பேச்செடுத்தால் போதும், ஓய்வுபெற்ற எங்கள் போலீஸ்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். சிரம்பான் கோப்பிக்கடையில் இது இன்றுவரை தீராத வழக்கு. என்ஃபீல்டு கட்சியில் ஆள் அதிகம், சத்தமும் அதிகம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கட்சிக்காரர் ஒருவர் இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார். நான் வெப்லி கட்சி. ஆயுதக் கிடங்கில் மூன்றையும் பிரித்துத் துடைத்துப் பூட்டியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: மடித்துத் திறக்கிற ரிவால்வர் என்றால் அது பர்மிங்ஹாமில் செய்த வெப்லிதான். மற்றவை அதற்கு அடுத்தவைதான்.

இதற்கு நான் காட்டும் சாட்சி ஒன்றே ஒன்று. தாழ்.

தோட்டாவை அடிக்கும் குதிரைக்கு முன்னால், குழலின் மேல்பட்டையை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடித்துக்கொண்டு நிற்குமே, குதிரைச்சேணத்தின் அங்கவடி வடிவத்தில் ஒரு வளைவு, அதைத்தான் சொல்கிறேன். இடப்பக்கத்து நெம்புகோலைக் கட்டைவிரலால் அழுத்தினால் தாழ் பின்வாங்கும், குழல் முன்பக்கம் மடியும், உருளையின் நடுவிலிருந்து நட்சத்திரத் தகடு எழும்பி ஆறு வெற்றுத் தோட்டாக்களையும் ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டுத் தானே கீழே இறங்கிக்கொள்ளும். இதையெல்லாம் என்ஃபீல்டும் செய்கிறது என்பார்கள். செய்கிறது. ஆனால் வெப்லியின் வலப்பக்கத்தைப் பாருங்கள். தாழை இழுத்துப் பிடிக்கும் வில், வி எழுத்து வடிவத்தில், வெளியிலேயே தெரியும்படி உடலோடு ஒட்டிக் கிடக்கும். ஒளிவுமறைவு இல்லை. அந்த வில்லில் விரிசல் கண்டால் பிரிக்காமலே தெரிந்துவிடும். அழுக்கு ஏறினால் தெரிந்துவிடும். மூடும்போது அந்த வில் தாழை உள்ளே அறையும் ஓசை, நல்ல நிலையில் உள்ள துப்பாக்கியில், ஒற்றை ஓசையாக இருக்கும். இரண்டாகக் கேட்டால் தாழோ மேல்பட்டையோ தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். நான் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே காதால் தரம் பிரித்துவிடுவேன்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. தாழ் முழுக்க விழாத நிலையில் அவசரத்தில் விசையை இழுத்துவிட்டால் என்ன ஆகும்? குழல் கையிலேயே மடியுமே என்று பயப்பட வேண்டாம். குதிரை தோட்டா வரை போகாது. தாழின் தலையில்தான் போய் இடிக்கும். இடிக்கிற இடி தாழை அதன் இடத்துக்குத் தள்ளவும் செய்யும். பூட்டும் அதுவே, திறப்பும் அதுவே, காவலும் அதுவே. ஒரு துண்டு இரும்புக்கு மூன்று வேலை கொடுத்து, மூன்றையும் குறையில்லாமல் செய்ய வைத்தவன் கைவினைஞன்.

1887இல் பிரிட்டிஷ் அரசு வெப்லியின் முதல் மார்க்கை, அதாவது முதல் மாதிரியை, ஏற்றுக்கொண்டது. 1915 மே மாதம் ஆறாம் மார்க் வந்தது. ஆறு அங்குலக் குழல், .455 தோட்டா, ஒரு கிலோவுக்கு மேல் எடை. அதற்கு முந்திய மார்க்குகளின் பிடி கிளியின் அலகுபோல் வளைந்து முடியும். ஆறாம் மார்க்கின் பிடி சதுரமாக இறங்கும். அழகு பழைய வளைவில்தான் என்று வாதிடுகிற நண்பர்கள் எனக்கு உண்டு. கையில் எடுத்துப் பார்க்காமல் படத்தைப் பார்த்துப் பேசுகிறவர்கள் அவர்கள். கை வியர்த்து ஈரமாக இருக்கும்போது அந்த வளைவு உள்ளங்கையில் நிற்பதில்லை. சதுரப் பிடி நிற்கும். எங்கள் ஊர்க் காற்றில் கை எப்போது காய்ந்திருந்தது?

நான் லாபு பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். மலாயாவின் அவசரகாலம் 1948 ஜூனில், சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்டத் துரைமார் சுடப்பட்டதும் தொடங்கியது. 1960 ஜூலையில்தான் முடிந்தது. என் பிள்ளைப் பருவம் முழுக்க அதற்குள் அடங்கிவிட்டது. துரைமார் தங்கள் காருக்கு இரும்புத் தகடு அடித்துக்கொண்டு காட்டுச்சாலையில் போன காலம். தொழிலாளர்களைப் பேர் எடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் பக்கத்தில் மணல்மூட்டை அடுக்கி ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் காவல் நிற்பார்கள். அப்பா எங்கள் துரைக்கு டிரைவர். துரை இடுப்பில் இருந்தது .38 வெப்லி, நான்காம் மார்க். (.455இல் 1899ஆம் ஆண்டு நான்காம் மார்க் ஒன்று உண்டு. அது வேறு, இது வேறு. இரண்டையும் குழப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.) அதைத் துடைக்கிற வேலை அப்பாவிடம் வந்தது. பங்களாவின் பின்கட்டில் சமையல்காரர் வெந்நீர் கொதிக்க வைத்துக் கொடுப்பார். அந்தக் காலத்துத் தோட்டாவின் பற்றவைப்பு மருந்து சுட்ட பிறகு குழலுக்குள் ஓர் உப்பை விட்டுவிடும். எண்ணெய் போட்டால் அது போகாது, நீரில்தான் கரையும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் உப்பும் போகும், இரும்பின் சூட்டிலேயே ஈரமும் காய்ந்துவிடும். பிறகுதான் எண்ணெய். "எண்ணெய் கடைசியிலடா, முதல்ல தண்ணி" என்பார் அப்பா. பின்னாளில் கிடங்கில் என் மேலதிகாரியாக இருந்த பஞ்சாபி சார்ஜன் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமும் இதுதான்.

ரப்பர்த் தோட்டத்தில் துப்பாக்கிக்கு இன்னொரு பகை உண்டு. ஸ்டோரில் பாலை உறைய வைக்கிற ஃபார்மிக் அமிலம். அதன் ஆவி பட்ட இரும்பில் துரு சீக்கிரம் பூக்கும். ஸ்டோர்ப் பக்கம் காவல் இருந்தவர்களின் ஆயுதங்களில் செம்புள்ளி கூடுதலாக இருந்ததாக அப்பா சொல்வார். தோல் உறையும் அப்படித்தான். ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு இரும்புக்கு ஊட்டும். இரவில் உறையிலிருந்து எடுத்து வைக்கத் தெரிந்தவனின் வெப்லி நீலம் மங்காமல் இருந்தது. தெரியாதவனுடையது பழுப்பாகப் போனது.

துரையின் வெப்லியில் பிடியின் இரு பக்கமும் கருப்பாக, கட்டம் கட்டமாக வரி கீறிய தகடுகள் இருக்குமே, அவை வல்கனைட். ரப்பரோடு கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துச் சூட்டில் கெட்டியாக்கியது. விடியுமுன் நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு என் அம்மா வெட்டி மங்கில் பிடித்த பாலும், அந்தத் துரையின் கைப்பிடியும் ஒரே மரத்தின் வழிவந்தவை. இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு வயது இருபதுக்கு மேல். அன்றிலிருந்து வல்கனைட் தகட்டைக் கழற்றிவிட்டு மரத்தகடு பொருத்துகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. மரம் பார்க்க நன்றாக இருக்கலாம். ஆனால் பழைய வல்கனைட் வெயில் பட்டு லேசாகப் பழுப்பேறி, விரல் பட்ட இடங்களில் வரி தேய்ந்து, யார் கை எங்கே அழுந்தியது என்று காட்டும். அதை எந்த மரமும் அப்படிக் காட்டாது.

இனி என்ஃபீல்டு. முதல் உலகப் போருக்குப் பிறகு ராணுவத்துக்கு .455 பெரிதாகத் தோன்றியது; .38 போதும் என்று முடிவெடுத்தார்கள். வெப்லி தன் வடிவத்தைச் சுருக்கிக் கொடுத்தது. அரசு அதை வாங்கிப் பார்த்துவிட்டு, தன் சொந்த என்ஃபீல்டு ஆலையில் கிட்டத்தட்ட அதே துப்பாக்கியைச் செய்து 1930களின் தொடக்கத்தில் சேவையில் சேர்த்துக்கொண்டது. வெப்லி வழக்குக்குப் போனது. 2,250 பவுன் கேட்டது. ஆலைத் தரப்பு, வடிவம் கேப்டன் பாய்ஸுடையது, வெப்லியின் உதவி மட்டும் இருந்தது என்றது. டாங்கிகளைத் துளைக்கும் ரைஃபிளுக்குப் பெயர் கொடுத்தவர் அதே பாய்ஸ். கடைசியில் கண்டுபிடிப்பாளர்களுக்கான ராயல் கமிஷன் 1,250 பவுன் வெப்லிக்குக் கொடுக்கச் சொன்னது. என்ஃபீல்டு கட்சிக்காரர்கள் இந்தக் கதையை விரும்புவதில்லை.

ஆனாலும் ஆர்மரர் என்ற முறையில் என்ஃபீல்டுக்குரியதைக் கொடுத்தாக வேண்டும். அதன் இடப்பக்கத்தில் கழற்றக்கூடிய தகடு ஒன்று உண்டு. அதை எடுத்தால் உள்ளே பொறி முழுவதும் கண்முன் விரியும். வெப்லியில் அந்த வசதி இல்லை; விசைக் காப்பைக் கழற்றி அடிப்பக்கமாகத்தான் உள்ளே போக வேண்டும். ஒரு நாளில் நிறையத் துப்பாக்கிகளைச் சீர் செய்கிற கிடங்குக்காரனுக்கு என்ஃபீல்டு வரம். ஆனால் கிடங்குக்காரனின் சௌகரியம் வேறு, துப்பாக்கியின் குணம் வேறு. தகடு இல்லாத வெப்லியின் உடல் ஒரே துண்டாக நிற்கிற உறுதி, தகடு வைத்த உடலில் இல்லை.

என்ஃபீல்டின் பெரிய குறை 1938இல் வந்தது. டாங்கிக்குள் குதிரையின் வால் எதிலாவது மாட்டிக்கொள்கிறது என்று அந்த வாலையே வெட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு கட்டைவிரலால் குதிரையைப் பின்னிழுத்து நிதானமாகச் சுட முடியாது. ஒவ்வொரு தடவையும் விசையின் முழு நீளத்தையும் இழுக்க வேண்டும். டாங்கிக்காரனுக்குச் சரி. பால்மரக் காட்டில் நிரை இடுக்கில் நின்று குறிபார்க்கிறவனுக்கு? 1942இல் இன்னும் ஒரு படி இறங்கி, குதிரையின் பாதுகாப்புத் தடையையும் எடுத்துவிட்டார்கள், செய்ய நேரமாகிறது என்று. போர்க்காலம், புரிகிறது. ஆனால் அதே போர்க்காலத்தில் வெப்லி என்ன செய்தது? மேல்மெருகை மட்டும் விட்டுக்கொடுத்தது. அரத்தின் கோடுகள் தெரியும்படி அப்படியே அனுப்பி, வாங்குகிறவன் தப்பாக நினைக்கக்கூடாது என்று ‘வார் ஃபினிஷ்’ என்று முத்திரையும் குத்தி வைத்தது. தாழும் வில்லும் பழைய தாழும் வில்லும்தான். எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக்கூடாது என்பதைத் தெரிந்து வைத்திருந்த பட்டறை.

கிளாஸ்கோவின் ஆல்பியன் மோட்டார்ஸும் 1941 முதல் 1943 வரை என்ஃபீல்டு வடிவில் ரிவால்வர்கள் செய்தது. லாரி செய்கிற கம்பெனி. எதிர்பார்த்ததைவிட நல்ல வேலை. சிலவற்றின் உட்பாகங்கள் என்ஃபீல்டு ஆலையின் பாகங்களைவிடச் சுத்தமாக அறுக்கப்பட்டிருந்தன என்பது என் கணிப்பு. ஆல்பியன் கட்சி என்று ஒன்று இல்லாதது அநியாயம்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸனைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன், என் நண்பர் கோபித்தாலும் சரி. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா பிரிட்டிஷ் ராணுவத்தின் .38 அளவில் (.38/200) 5 லட்சத்துக்கும் மேல் செய்து கொடுத்தது. உறுதியான உடல், இனிமையான விசை. அந்த விசைக்கு ஈடாக வெப்லியிலும் என்ஃபீல்டிலும் எதுவும் இல்லை என்பதை மறுக்கவே மாட்டேன். பின்னால் போலீசில் எங்களுக்கு வந்த மாடல் 10ம் அதே குடும்பம்தான். ஆனால் உருளையைப் பக்கவாட்டில் தள்ளி, கம்பியை அமுக்கி, வெற்றுத் தோட்டாவைக் கொட்டி, பிறகு நிரப்புவது என்பது எத்தனை அசைவு! வெப்லிக்காரன் ஒரே அசைவில் முடித்திருப்பான். ஒரு விதி மட்டும் உண்டு: தயங்காமல் விசுக்கென்று மடிக்க வேண்டும். மெதுவாகத் திறந்தால் ஏதாவது ஒரு தோட்டாவின் விளிம்பு நட்சத்திரத்துக்கு அடியில் நழுவிப் போய் உட்கார்ந்துகொள்ளும். அதை எடுப்பதற்குள் உயிர் போய்விடும்.

இந்த நாட்டில் கைத்துப்பாக்கியைப் பற்றித் தமிழில் எழுதுகிறவன் ஒரு பெயரைத் தாண்டிப் போக முடியாது. தொழிற்சங்கச் சம்மேளனத் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி, கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவசரகாலச் சட்டம் அப்படி. துரையின் இடுப்பில் இருந்தால் தற்காப்பு, தோட்டத் தொழிலாளிக்காகப் பேசியவரிடம் இருந்தால் மரணம். எங்கள் லயத்தில் பெரியவர்கள் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். ரசிகனாக நான் எவ்வளவு நேரம் தாழைப் பற்றிப் பேசினாலும் இதையும் சேர்த்துத்தான் அந்த இரும்பை நினைக்கிறேன்.

மறுபடி இரும்புக்கு வருகிறேன். சிங்கப்பூர் போலீசுக்கென்று வெப்லி செய்த .38 நான்காம் மார்க்கில் ஒரு பாதுகாப்புக் கொண்டி சேர்த்திருந்தார்கள். சேகரிப்பாளர்கள் அதற்கு இன்று கூடுதல் விலை கொடுக்கிறார்கள் என்று கேள்விப்படும்போது வருத்தமாக இருக்கிறது. அபூர்வம் என்பதற்கும் சிறப்பு என்பதற்கும் வித்தியாசம் தெரியாத காலம். குதிரையும் தாழும் சேர்ந்து பார்த்துக்கொள்கிற வேலைக்கு மூன்றாவதாக ஒரு கொண்டி எதற்கு? அதை விலக்க மறந்து விசையை இழுப்பவனுக்குத்தான் ஆபத்து.

வெப்லி அண்ட் ஸ்காட் 1970களின் இறுதியில் துப்பாக்கி செய்வதை நிறுத்தியது. அதன் வாரிசு கான்பூரில் இருக்கிறது என்று இந்திய நண்பர்கள் பெருமைப்படுவார்கள். கான்பூர் ஆலையின் .32 ரிவால்வர் வெப்லி வடிவம்தான், உண்மை. 2014இல் வந்த ‘நிர்பீக்’கும் அந்த மரபுதான்: டைட்டானியக் கலவை, அரைக் கிலோ எடை, லட்சம் ரூபாய்க்கு மேல் விலை. எடையைக் குறைத்ததைக் குறை சொல்லவில்லை. ஆனால் எனக்குப் பார்க்கக் கிடைத்த ஒரு கான்பூர் .32இல் தாழ் மூடும்போது இரண்டு ஓசை கேட்டது. புதுத் துப்பாக்கி. பர்மிங்ஹாமில் பரிசோதகன் அதை மேசையைத் தாண்ட விட்டிருக்க மாட்டான். பிறகு வெப்லி என்ற பெயரையே உத்தரப் பிரதேசத்தில் ஹர்தோய் பக்கம் ஓர் ஆலைக்குக் கொண்டுவந்தார்கள். பெயரை வாங்கலாம், பரிசோதகனின் காதையும் சேர்த்து வாங்கினார்களா என்பதைத் துப்பாக்கியைக் கையில் எடுத்தால்தான் சொல்ல முடியும்.

நம் மலேசியாவிலோ 1960, 1971 ஆயுதச் சட்டங்களுக்குப் பிறகு தனியார் கையில் இவற்றைப் பார்ப்பது அரிது. அந்தக் கண்டிப்பில் எனக்குக் குறையில்லை. குறை கண்ணாடிப் பெட்டிகளில்தான். ஒரு காட்சிக்கூடத்தில் என்ஃபீல்டை வைத்து வெப்லி என்று எழுதியிருந்தார்கள். அதன் மேல் கருப்புப் பெயின்ட் வேறு. இன்னொன்றில் குழலை மடித்தே பல வருஷமாக வைத்திருந்தார்கள். போர்ட் டிக்சன் ராணுவ அருங்காட்சியகத்துக்குப் பேரப்பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் பீரங்கிகளோடு நின்றுவிடாதீர்கள். மடித்துத் திறக்கிற ரிவால்வர் எங்கே கண்ணில் பட்டாலும் எழுதி வைத்த அட்டையை நம்பாமல் நீங்களே பாருங்கள். முதலில் இடப்பக்கம்: கழற்றும் தகடு இருந்தால் என்ஃபீல்டு. குதிரைக்கு வால் இல்லாவிட்டால் அது 1938இல் அல்லது அதற்குப் பிறகு வெட்டப்பட்டது. தகடு இல்லாமல் உடல் முழுசாக இருந்தால் அந்தப் பக்கம் சுற்றிப் போய் வலப்பக்கத்து வில்லைப் பாருங்கள். அதன் வளைவு முழுசாக இருக்கிறதா, நுனி தாழின் மேல் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று.