ஆள் கூடினால் வேலை குறையுமா?

நான்கு பேர் பத்து நாளில் கட்டும் சுவரை எட்டுப் பேர் எத்தனை நாளில் கட்டுவர்? ஐந்து நாள் என்பது பள்ளிக் கணக்கு. இதே கணக்கை மென்பொருள் ஆக்கத்திலும் போட்டுப் பொருளையும் காலத்தையும் இழந்த நிறுவனங்கள் பல. அக்கணக்கு பிழை என்று காட்டிய நூல், அமெரிக்கக் கணிப்பொறி அறிஞர் ஃபிரெடரிக் புரூக்ஸ் 1975-இல் வெளியிட்ட 'தி மித்திக்கல் மேன்-மன்த்'. 'ஆள்-மாதம் என்னும் கட்டுக்கதை' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். அரை நூற்றாண்டாகப் படிக்கப்பட்டுவரும் இந்நூலில் எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்று பார்ப்போம்.

ஆசிரியர் ஏட்டறிவு மட்டும் உடையவர் அல்லர். ஐ.பி.எம். நிறுவனம் 1964-இல் அறிவித்த சிஸ்டம்/360 கணிப்பொறி வரிசையின் ஆக்கத்தை மேற்பார்த்தவர். பின்னர் அதன் இயக்க மென்பொருளான ஓ.எஸ்./360-க்கும் பொறுப்பேற்றவர். அப்பணி உச்சத்தில் இருந்தபோது ஆயிரம் பேருக்கு மேல் உழைத்தனர். ஆயினும் மென்பொருள் தாமதமாகவே வந்தது.

காரணத்தை எளிய கணக்கில் காணலாம். ஐந்து பேர் ஒருவரோடு ஒருவர் கலந்து பேச வேண்டுமானால் இணைப்புகள் 10. பத்துப் பேருக்கு 45. ஐம்பது பேருக்கோ 1,225! மேலும், புதிதாக வருபவருக்குக் கற்பிக்கப் பழையவர் தம் வேலையை நிறுத்தியாக வேண்டும். ஆகவே, தாமதமாகிவிட்ட பணியில் ஆட்களைச் சேர்த்தால் தாமதம் மேலும் கூடும். இதுவே 'புரூக்ஸ் விதி'.

இவ்விதியைச் சொல்லாதவர் இல்லை. ஆனால் நூலின் உயிர் இதில் இல்லை என்பது நம் கருத்து. மென்பொருள் முழுவதும் ஒரே சிந்தனையில் பிறந்ததாக இருக்க வேண்டும் என்று புரூக்ஸ் வற்புறுத்துகிறாரே, அந்த 'வடிவ ஒருமை'தான் உயிர்நிலை. இதற்கு அவர் தரும் சான்று தம் சொந்தத் தவறு. ஓ.எஸ்./360 எப்படி அமைய வேண்டும் என்னும் வரையறையை எழுதப் பத்து வல்லுநர் முன்வந்தனர். பத்து மாதம் கேட்டனர். அது திட்டமிட்டதைவிட மூன்று மாதம் அதிகம். மற்றொரு பிரிவில் 150 பேர் இருந்தனர். குறித்த காலத்தில் முடிப்போம் என்றனர். அத்தனை பேரும் சும்மா இருக்கலாமா என்று எண்ணிப் பணியை அவர்களிடமே கொடுத்தார் புரூக்ஸ். விளைவு? வரையறையும் மூன்று மாதம் தாமதமாயிற்று, தரமும் குறைந்தது. பிழை திருத்தும் வேலை மட்டும் ஓராண்டு நீண்டிருக்கும் என்று அவரே மதிப்பிடுகிறார்.

இனிக் குறைக்கு வருவோம். பணியில் உள்ள ஒவ்வொருவரும் எல்லாப் பகுதிகளின் உள்விவரத்தையும் அறிந்திருக்க வேண்டும் என்பது 1975-இல் அவர் கொள்கை. அதற்கெனப் பொதுக் குறிப்பேடு ஒன்று வைத்தார்கள். ஆறே மாதத்தில் அதன் கனம் சுமார் ஐந்து அடி ஆயிற்று என்று நூலே கூறுகிறது! ஐந்து அடி ஏட்டை யார் படித்து முடிப்பார்? கொள்கைக்கு எதிரான சாட்சியை ஆசிரியர் தம் கையாலேயே எழுதிவைத்தும், அப்போது அதைக் காணத் தவறினார்.

இதற்கு மாற்று வழியை டேவிட் பார்னாஸ் 1972-லேயே காட்டியிருந்தார். ஒரு வங்கியின் மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். வட்டி கணக்கிடுவது ஒரு பகுதி, கடன் கணக்கு வைப்பது மற்றொன்று. கடன் பகுதி வட்டித் தொகையைக் கேட்டுப் பெற்றால் போதும். அது எப்படிக் கணக்கிடப்பட்டது என்று அறிய வேண்டியதில்லை. நாளை வட்டி விதி மாறினால் ஒரே இடத்தில் திருத்தினால் தீர்ந்தது. உள்விவரத்தை மறைத்தால் பேச்சுக்கான இணைப்புகளும் குறைகின்றன அல்லவா? ஆக, புரூக்ஸ் கண்ட நோய்க்கு அவர் மறுத்த மருந்தே ஏற்றது. 1995-இல் வந்த விரிவான பதிப்பில், பார்னாஸ் கூறியதே சரி என்று அவர் ஒளிவின்றி ஏற்றுக்கொண்டார்.

முதலில் செய்வதை எறிந்துவிட்டு மறுபடி செய்யத் திட்டமிடுங்கள் என்ற அறிவுரையையும் அதே பதிப்பில் திருத்தினார். சிறிதாகத் தொடங்கி, இயங்கும் நிலையிலேயே படிப்படியாக வளர்ப்பது மேல் என்றார்.

இன்று பெரிய நிறுவன மென்பொருளைச் சின்னஞ்சிறு சேவைகளாகப் பிரிப்பது வழக்கமாகிவிட்டது. பிரித்தால் மட்டும் போதுமா? ஒரு சேவை மற்றொன்றின் கணக்கேட்டில் நேரே கைவைக்குமானால் அவை பெயரளவில்தான் இரண்டு. எங்கே சுவர் எழுப்புவது, எங்கே வாயில் வைப்பது என்பதை முழு வடிவத்தையும் மனத்தில் கொண்ட ஒரு சிலரே முடிவு செய்ய வேண்டும். புரூக்ஸின் ஒருமையும் பார்னாஸின் மறைவும் சேர்ந்தால்தான் கட்டடம் நிற்கும்.

நினைவகப் பற்றாக்குறை பற்றிய இயல்கள் இன்று வரலாறாகவே பயன்படும். ஆனால் காலத்தில் பாதியைச் சோதனைக்கு ஒதுக்கி, ஆறில் ஒரு பங்கை மட்டும் நிரல் எழுத வைத்துக்கொள்ளச் சொல்லும் பகுதி, நிரல் எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணும் மாணவர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டியது. வாங்குவோர் 1995-ஆம் ஆண்டுப் பதிப்பையே தேடி வாங்குங்கள். ஆசிரியரே தம் நூலுக்குத் திறனாய்வாளராக அமர்ந்து தீர்ப்புச் சொல்வதை அதில்தான் காணலாம்.