கார்மெனின் மொழி

பிரெஞ்சு எழுத்தாளர் மெரிமே 1845-இல் வெளியிட்ட 'கார்மென்' குறுநாவலின் நாயகியை அழகால் ஆபத்தானவள் என்பர். அவளது படைக்கலம் மொழியே என்பது நம் கருத்து. கைதியாகச் செல்பவள், தன்னை அழைத்துச் செல்லும் படைவீரன் ஹொசேயிடம் அவன் தாய்மொழியாகிய பாஸ்க்கில் பேசுகிறாள். பேச்சில் பிழை மலிந்திருந்தும் அவளைத் தன் நாட்டினள் என நம்பித் தப்பவிடுகிறான். கணவன் கார்சியா, எருதுப்போர் வீரன் லூகாஸ் ஆகியோர் உறவு இவ்வளவு நுட்பமாகத் தீட்டப்படவில்லை.

பின்னர்ச் சேர்க்கப்பட்ட நான்காம் இயல், ரோமா மக்களின் ரோமானி மொழியைச் சமஸ்கிருத வழிவந்த மொழிகளோடு தொடர்புபடுத்துகிறது. மொழியியலார்க்கு இது சுவையானதே. ஆயினும், முன் இயலில் உயிர்ப்பேச்சாக இருந்தது இங்கு ஆய்வாளரின் சொல்வடிவங்களாகவும் பழமொழியாகவும் சுருங்குகிறது. அவள் கதையை நமக்குச் சொல்பவனும் அவளைக் கத்தியால் குத்திக் கொன்ற ஹொசேயே அன்றோ!