லீட்ரிம் அடித்த பன்னிரண்டு

கேலிக் கால்பந்தில் அப்போது பந்து வலைக்குள் போனால் அது கோல், 3 பாயின்ட்; குறுக்குக் கம்பத்துக்கு மேலே பறந்தால் 1 கிடைத்தது. அயர்லாந்தின் மேற்கு மாகாணமான கன்னாக்டின் 1994 இறுதி ஆட்டத்தில் லீட்ரிம் மாவட்ட அணி ஒரு கோல்கூட அடிக்கவில்லை. எதிரணியான மேயோ மாவட்டம் இரண்டு அடித்தது. ஆனாலும் வென்றது லீட்ரிம்தான்: 12-க்கு 10. கம்பத்துக்கு மேலே ஒவ்வொன்றாக அனுப்பிச் சேர்த்த பன்னிரண்டு! அந்தப் பொறுமை எனக்கு எந்த அதிரடிக் கோலையும்விட அழகு.

லீட்ரிமில் அப்போது சுமார் 25,000 பேர்தான் இருந்தார்கள். 1841-இல் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருந்த மாவட்டம். பஞ்சமும் புலம்பெயர்வும் ஊரையே காலி செய்திருந்தன. இந்த விளையாட்டில் சம்பளம் கிடையாது. காசு கொடுத்து வெளியாளை வாங்கவும் முடியாது. சொந்த மண்ணின் பிள்ளைகளையோ, அங்கிருந்து போனவர்களின் பிள்ளைகளையோ வைத்துத்தான் ஆட வேண்டும். அணித்தலைவர் டெக்லான் டார்சியே டப்ளினில் வளர்ந்தவர், லீட்ரிம் பெற்றோரின் மகன். பயிற்றுவித்த ஜான் ஓமஹோனியோ மேயோக்காரர்!

இதற்கு முன் லீட்ரிம் வென்றது 1927-இல். அன்றைய தலைவர் டாம் கேனன் உயிரோடு இருந்தார். டார்சி அவரையும் மேடையேற்றி, இருவருமாகக் கோப்பையைத் தூக்கினார்கள்.

அடுத்து வந்த அகில அயர்லாந்து அரையிறுதியில் டப்ளினிடம் தோற்றார்கள். அதனால் என்ன? 2025-இல் லௌத் மாவட்டம் 68 ஆண்டுகளுக்குப் பின் லீன்ஸ்டர் மாகாணக் கோப்பையை வென்றபோதும் நான் முதலில் நினைத்தது லீட்ரிமைத்தான்.