ஜே.எஸ். கிரேவால்: காஜியின் முத்திரையும் சீக்கிய வரலாறும்

குருநானக்கின் 500-ஆவது பிறந்த ஆண்டு 1969-இல் கொண்டாடப்பெற்றது. அதன் நினைவாக அமிர்தசரஸில் ஒரு பல்கலைக்கழகம் தோன்றியது. பீர்க்கன்கரணையில் வாழும் நாம் தாம்பரம் கடந்து வேளச்சேரி வழியே கிண்டிக்குச் செல்லும்போது காணும் குருநானக் கல்லூரியும் அதே நினைவாக 1971-இல் நிறுவப்பெற்றதே. அவ்விழா ஆண்டில் வெளிவந்த நூல்களுள் இன்றும் நின்று நிலவுவது ‘வரலாற்றில் குருநானக்’. அதன் ஆசிரியர் ஜக்தார் சிங் கிரேவால் (1927–2022).

அமிர்தசரஸ் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியர், துணைவேந்தர், சிம்லாவிலுள்ள இந்திய உயராய்வு நிறுவனத்தின் இயக்குநர் எனப் பல பொறுப்புகளை அவர் வகித்தார். 2005-இல் பத்மஸ்ரீ பெற்றார். எனினும் பதவிகளைக் காட்டிலும் அவர் தேர்ந்த பாதையே நம் கவனத்திற்குரியது. சீக்கிய வரலாற்றை எழுத வந்த அவர், இந்திய முஸ்லிம் ஆட்சியை ஆங்கிலேய வரலாற்றாசிரியர்கள் எவ்வாறு மதிப்பிட்டனர் என்பதைப் பற்றி இலண்டனில் விரிவாக ஆராய்ந்தார். அவ்வாய்வு 1970-இல் நூலாயிற்று. பிறர் வார்த்துத் தந்த அச்சில் கடந்த காலத்தைக் காணலாகாது என்னும் எச்சரிக்கை அவரது பிற்காலப் பணி முழுவதிலும் தொடர்ந்தது.

அந்த எச்சரிக்கையே அவரைப் பாரசீக ஆவணங்களிடம் இட்டுச் சென்றது. பி.என். கோஸ்வாமியுடன் இணைந்து, ஜக்பர் என்னும் ஊரின் நாத யோகியர் மடத்திற்கு முகலாயர் வழங்கிய மானியப் பத்திரங்களை 1967-இல் பதிப்பித்தார். ஔரங்கசீப் அம்மடத்தின் தலைவருக்கு மரியாதையோடு எழுதி, பாதரசம் கேட்ட கடிதமும் அவற்றுள் ஒன்று. 1969-இல் பிந்தோரியின் வைணவ மடத்து ஆவணங்கள் வெளிவந்தன. முகலாயரும் அவர்களுக்குப் பின் சீக்கிய ஆட்சியாளரும் அம்மடத்தை ஆதரித்தமைக்கு அவை சான்று.

நமக்கு இவற்றினும் முக்கியமானது, படாலா நகரத்துப் பத்திரங்களைக் கொண்டு அவர் 1975-இல் வெளியிட்ட நூல். வீடு விற்றல், அடகு வைத்தல் போன்ற அன்றாடக் காரியங்களுக்கான பத்திரங்கள் அவை; காஜியின் முத்திரை பெற்றவை. காஜியின் மன்றத்தை முஸ்லிம்கள் மட்டுமன்றி இந்துக்களும் நாடினர். சீக்கியர் ஆட்சி வந்த பின்னும் அப்பதவி அற்றுப்போகவில்லை. ஷரீஅத் நீதிமுறை ஆட்சியாளனின் வாளால் மட்டுமே நிலைத்தது என்போருக்கு இதனினும் அமைதியான மறுமொழி வேறில்லை.

ஆயினும் கிரேவாலை நம் தரப்பு வழக்கறிஞராக்கிக் கொள்வது தவறு. 1606-இல் குரு அர்ஜன் உயிர் நீத்ததும், 1675-இல் குரு தேக் பகதூர் கொல்லப்பட்டதும் முகலாய அரசின் ஆணையால் நிகழ்ந்தவை. மானியப் பத்திரங்களைக் காட்டி அவற்றை மறைக்க அவர் முயலவில்லை. இர்ஃபான் ஹபீபுடன் அவர் பதிப்பித்து 2001-இல் வெளிவந்த பாரசீக மூலங்களின் தொகுப்பு, சீக்கியரைப் பற்றி அக்காலத்தவர் எழுதியவற்றை, இனியதும் கசப்பதுமாக, ஒருங்கே வாசகர்முன் வைக்கிறது.

அவ்வாறே, பாபா ஃபரீதின் பாடல்கள் சீக்கியரின் திருநூலில் இடம்பெற்றிருப்பதைக் கொண்டு குருநானக்கை ஒரு சூஃபியாகவே கருதுவோர் நம்மிடையே உண்டு. இந்து சமயத்தையும் இஸ்லாத்தையும் கலந்து ஒரு சமயம் செய்தார் என்போரும் உண்டு. கிரேவால் இரண்டையும் ஏற்கவில்லை. அது தனித்தன்மை கொண்ட புதிய நெறி என்றே நிறுவுகிறார். இது நம்மில் சிலருக்கு ஏமாற்றமளிக்கலாம். பிறர் சமயத்தை நம் சமயத்தின் நிழலாகக் காண்பதைவிட, அதன் சொந்த முகத்தைக் காண்பதே உண்மையான மரியாதை என்பது நம் கருத்து.

குறையும் இல்லாமலில்லை. மெக்லியோட் போன்ற ஆய்வாளர்களைச் சூழ்ந்தெழுந்த சர்ச்சைகளைப் பற்றி அவர் 1998-இல் எழுதிய நூலில் எல்லாத் தரப்பினரின் வாதங்களும் நிதானமாக எடுத்துரைக்கப்படுகின்றன. தீர்ப்பை எதிர்பார்க்கும் வாசகர் பல இடங்களில் வெறுங்கையோடு திரும்புகிறார். அவரது நடையும் வறண்டது. எனினும் பஞ்சாப் பற்றி எரிந்த பத்தாண்டுகளைக் கண்ட ஒருவர் குரலை உயர்த்தாமல் எழுதினார் என்பதை நினைக்க, அவ்வறட்சியும் ஓர் ஒழுக்கமாகவே தோன்றுகிறது.

தமிழகத்தில் இத்தகைய பணி முற்றிலும் இல்லையென்று கூறவியலாது. கோயில்களுக்கும் மடங்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் சேதுபதி மன்னர்கள் அளித்த கொடைகளைக் கூறும் செப்பேடுகளை இராமநாதபுரம் எஸ்.எம். கமால் தொகுத்தளித்தார். தஞ்சை மராட்டியரின் மோடி ஆவணங்களும், ஆற்காட்டு நவாப் காலத்துப் பாரசீகப் பத்திரங்களும் இன்னும் பல கைகளுக்காகக் காத்திருக்கின்றன. ஆனால் அவற்றைப் படிக்கத்தக்க பாரசீக அறிவு நம் மத்ரஸாக்களில் குன்றிவிட்டது. கேட்ட செய்தியை விசாரித்துத் தெளியுமாறு பணிக்கும் வேதத்தை உடைய சமூகம், தன் ஊரின் பழம்பத்திரத்தைப் படிக்க இயலாதிருப்பது பெருங்குறை. நல்லிணக்கத்தை மேடையில் முழங்குவோர் நம்மிடம் பலர். அதன் சான்றை ஓலையிலும் தாளிலும் தேடி, கசப்பானதையும் மறைக்காமல் அச்சேற்றுவோர் சிலரே. கிரேவாலின் வாழ்க்கைப் பணி அச்சிலருக்குத் துணை.