மணிபல்லவத்து எலும்புகள்

முற்பிறவியில் செய்த வினையே இப்பிறவியின் துயரம் என்று சொல்லி ஆற்றுவது நம் இழவு வீடுகளில் வழக்கம். துயருற்றோருக்கு ஆறுதல் வேண்டும். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அச்சொல் ஆறுதலோடு நின்றுவிடுவதில்லை. மாண்டவன் மீதே பழியைச் சுமத்தி, கொன்றவனைத் தப்பவிடுகிறது. பழம்பிறப்பு உணர்தலையே கதையின் உயிராகக் கொண்ட மணிமேகலை இதற்கு என்ன விடை தருகிறது?

இளவரசன் உதயகுமரன், காஞ்சனன் என்னும் விஞ்சையனின் வாளுக்கு இரையாகிறான். அதற்கான காரணத்தைக் கந்திற்பாவை உரைக்கிறது. முற்பிறப்பில் இராகுலன் என்னும் அரசகுமரனாக இருந்தபோது, முனிவருக்கு உணவு படைக்கும் வேளையில் கால் இடறி விழுந்த சமையற்காரனை அவன் வெட்டிக் கொன்றான். அந்த வினையே இன்று அவனை வீழ்த்தியது. ஓர் எளிய தொழிலாளியின் உயிருக்கு அரசகுலத்தான் கணக்குத் தீர்க்கவேண்டும் என்று பாடியது சாத்தனாரின் பெருமை. அச்சமையற்காரனுக்கு அவன் வாழ்ந்த பிறவியில் நீதி கிட்டாமற்போனது அக்கொள்கையின் வறுமை.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "விதி கொன்றது, நான் கருவியே" என்று காஞ்சனன் தப்பிக்கக் காப்பியம் இடந்தரவில்லை. அவன் செய்த கொடுஞ்செயல் அவனையும் விடாது என்று அதே பாவை எச்சரிக்கிறது. வினையைக் காட்டிக் கொலைக்கு மன்னிப்பு வழங்குவோர் சாத்தனாரைத் துணைக்கு அழைக்க முடியாது.

விலங்கைப் பற்றிய பார்வையும் இத்தகையதே. தாய் கைவிட்ட ஆபுத்திரனுக்கு ஏழு நாள் பாலூட்டிக் காத்தது ஒரு பசு. வளர்ந்தபின் வேள்விக்குக் கட்டிய பசுவை அவன் விடுவித்தபோது, வேதியர் அவனுடைய பிறப்பை இகழ்ந்தனர். அவர்கள் போற்றும் முனிவர்களே பசுவுக்கும் மானுக்கும் புலிக்கும் நரிக்கும் பிறந்தவர்கள் அல்லரோ என்று அவன் நகைத்தான். விலங்குப் பிறப்பு தண்டனை என்று அஞ்சவைக்கும் கொள்கை, இங்கே சாதிச் செருக்கை முறிக்கும் படைக்கலமாகிறது. மறுபிறவியிலும் ஒரு பசுவின் வயிற்றிலேதான் அவன் பிறக்கிறான். பிறந்து சாவக நாட்டுக்கு அரசனாகிறான்.

அவ்வரசன் மணிபல்லவம் வந்து, பட்டினி கிடந்து தான் மாண்ட இடத்தைத் தோண்டித் தன் பழைய எலும்புகளையே காண்கிறான். அவனைத் தேடிவந்து உயிர்நீத்த ஒன்பது வணிகரின் எலும்புகளும் அம்மணலில் கிடக்கின்றன. மணிபல்லவம் நயினாதீவே என்பது பலரின் கருத்து. அக்கடலின் தெற்கே மன்னார்க் கரை. அங்கும் மண் எலும்புகளைக் காட்டியது. 2013 டிசம்பரில் திருக்கேதீச்சரத்தருகே நீர்க்குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எலும்புகள் தென்பட்டன. தொடர்ந்த அகழ்வில் எண்பதுக்கு மேற்பட்டோரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன.

அந்த மாவட்டத்தின் பெருநிலத்தே உள்ள பெரியமடுவைக் கடந்து 2008இல் போர் நகர்ந்தது. இடம்பெயர்ந்த மக்கள் 2009 மே வரை முல்லைத்தீவுக் கரைநோக்கித் தள்ளப்பட்டனர். காணாமற்போனோரைத் தேடும் தாய்மாரிடம் சைவர் வினை என்பர். பிறவிச்சுழலை ஏற்காத கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் விதி என்பர். சொல் வேறாயினும் பயன் ஒன்றே: கேள்வி அடங்கிவிடுகிறது.

சாவக மன்னனுக்கு அவன் யார் என்பதை எலும்புகள் சொல்லின. மன்னாரின் எலும்புகள் யாருடையவை, எக்காலத்தவை, எவரால் வீழ்ந்தவை என்பதை அறிவியலும் நீதிமன்றமும் சொல்லவேண்டும். பசித்தவனுக்கு இன்றே சோறிட்டாள் மணிமேகலை. சிறைச்சாலையையே அறச்சாலையாக மாற்றினாள். எவருடைய வினைக்கணக்கையும் அவள் முதலில் கேட்கவில்லை. அவளிடமிருந்து நாம் கொள்ளத்தக்க மரபு அதுவே. சோற்றைப் போலவே நீதியையும் அடுத்த பிறவிக்கு ஒத்திவைக்கலாகாது.