சேகரிப்பு இல்லாத சித்திரசாலை

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் பாதையில் இருக்கிறது ஹுன்னஸ்கிரிய. அவ்வட்டாரத்துத் தோட்டப் பாடசாலையில் பயிலும் ஒரு பிள்ளை, ஓவியனின் கைபட்ட அசல் ஓவியமொன்றைக் காண எங்கே போவது? கொழும்புக்கென்றால், பெற்றோர் ஒரு நாட் சம்பளத்தை இழந்தல்லவா அழைத்துச் செல்ல வேண்டும்!

‘நம்மிடம் விலைமதிப்புள்ள ஓவியங்கள் இல்லை, ஆகவே சித்திரசாலையும் இல்லை’ என்பர் சிலர். இது காரணமன்று, வெறும் சாக்கு. தனக்கென ஓவியங்களைச் சேர்த்துக் காக்கும் காட்சியகம் ஒரு வகை. எதையும் சொந்தமாக வைத்துக்கொள்ளாமல், வரவழைத்துச் சில வாரம் காட்டித் திருப்பியனுப்பும் கூடம் மற்றொரு வகை. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் அத்தகைய கூடமொன்று 1872 முதல் இயங்குகிறது.

லண்டனின் கிழக்குப் பகுதி ஏழைகளுக்காக 1901இல் திறக்கப்பட்ட வைட்சப்பல் கூடமும் இவ்வகையே. ஸ்பானிய ஊரொன்றைப் பாசிஸ்டுகள் குண்டுவீசி அழித்த கொடுமையைத் தீட்டிய பிக்காசோவின் ‘குவர்னிகா’, 1939 ஜனவரியில் அங்கே தொங்கியது. கட்டணமாகக் கேட்கப்பட்டது, ஸ்பெயினின் போர்முனைக்கு அனுப்பத்தக்க ஒரு சோடி சப்பாத்து! ஓவியம் திரும்பிச் சென்றது. சொந்தச் சேகரிப்பு இல்லாத அந்தச் சுவர் வரலாற்றில் இடம்பெற்றது.

நம் நாட்டிலும் முன்மாதிரி உண்டு. 1943இல் தோன்றிய ‘43 குழு’வின் உயிர்நாடியாக விளங்கிய லயனல் வென்ட் 1944இல் மறைந்தார். அவர் பெயரால் கொழும்பில் எழுந்த நாடக அரங்கு, 1953இல் கார்க்கியின் அடித்தள மக்கள் பற்றிய நாடகத்தோடு திறக்கப்பட்டது. பின்னர் ஓவியக் கூடமும் சேர்ந்தது. எத்தனையோ ஓவியர்களுக்கு அது வாசலாயிற்று. ஆயினும் ஒன்றை மறைப்பதற்கில்லை: வாடகைக்கு விடப்படும் சுவரில், வாடகை கொடுக்க வல்லவனின் ஓவியமே தொங்கும். சேகரிப்பு இல்லாமை குறையன்று. தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பணப்பையிடம் ஒப்படைப்பதே குறை.

இதில் மலையகத்துக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஜோர்ஜ் கீற் 1901இல் பிறந்தது இதே கண்டியில்தான். ஆனால் கண்டியைச் சூழ்ந்த லயன்களில் வாழும் எத்தனை பேர் அவர் ஓவியமொன்றை நேரில் கண்டிருப்பர்? நமக்குப் பொக்கிஷம் வேண்டாம். உறுதியான சுவர், நல்ல வெளிச்சம், பூட்டக்கூடிய கதவு போதும். விடுமுறையில் வெறிச்சோடும் பாடசாலை மண்டபத்தில் இவை உள்ளன. பல்கலைக்கழகங்களில் ஓவியம் பயிலும் மாணவர்கள் தம் படைப்புகளோடு வரட்டும். தோட்டத்துப் பிள்ளைகளின் சித்திரங்களும் அருகே தொங்கட்டும்.

ஆசிரியத் தோழர்களே, மண்டபத்தின் சாவி உங்கள் பாடசாலையில்தானே இருக்கிறது?